விட்ட படியிலிருந்து

(பொன்விழாவையொட்டிப் பங்கு மன்றத்தில் இளைஞர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் என்னைப் பேச அழைத்தபோது தலைப்பு எதுவும் தரவில்லை. "சாமி, ஏதாவது நல்லதாச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். ஞாயிறுதோறும் பிரசங்கத்தில் நல்லது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அதைக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்பது கடவுளுக்குத் தெரியும். ஆகவே இன்று கணக்கைப் பற்றிப் பேச எண்ணியிருக்கிறேன். பொருளாளர் பதற வேண்டாம். நான் சொல்வது கோயில் கணக்கு அல்ல, பள்ளிக்கூடக் கணக்கு.

சென்ற மாதம் ஒரு நாள் மாலைப் பூசை முடிந்து திருவுடையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நம் பங்கைச் சேர்ந்த ஒரு மகள் வாசலில் நின்றாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. 2021ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்தவள். அந்த ஆண்டு கொரோனாவினால் பொதுத்தேர்வே நடக்கவில்லை, எல்லாருக்கும் தேர்ச்சி என்று அறிவித்துவிட்டார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டு நிலைமையால் அவள் பதினொன்றாம் வகுப்பில் சேரவில்லை. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலைக்குப் போய்விட்டாள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தாள். இப்போது திரும்பி வந்து, "பிளஸ் ஒன் படிக்கணும் சாமி, கணக்கு உள்ள குரூப்" என்கிறாள்.

ஏனம்மா என்று கேட்டேன். அவள் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன். "மில்லுல கணக்குத் தெரிஞ்சவங்க உக்காந்து வேலை பாக்குறாங்க சாமி. தெரியாத நாங்க நின்னுக்கிட்டே வேலை பாக்குறோம்."

அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பாஸ்னு பேப்பர்ல இருக்கு. ஆனா எட்டாவதுக்கு மேல கணக்கு எனக்கு ஒண்ணும் புரியல. இப்ப உள்ள போனா சிரிப்பாங்க" என்றாள்.

இந்தப் பேச்சு அவள் ஒருத்திக்காக மட்டும் அல்ல. இவளைப் போன்றவர்கள் நம் பங்கில் குறைந்தது பத்துப் பேராவது இருப்பார்கள். தோல் ஷாப்பில் இருக்கிறார்கள், பூட்டுப் பட்டறையில் இருக்கிறார்கள், ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார்கள். படிப்பை விட்டவர்கள் எல்லாருக்கும் படிக்க விருப்பமில்லை என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். அவர்களில் பலரைத் தடுத்து நிற்பது ஒரே ஒரு பாடந்தான்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நானும் அந்தப் படியில் இடறியவன்தான். 1986இல் பத்தாம் வகுப்பு எழுதினேன். கணக்கில் தேர்ச்சி பெற 35 மதிப்பெண் வேண்டும். அதை எட்டினேன், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. நாங்கள் படித்த காலத்தில் மேல்நிலைப் படிப்பு என்பதே புதிதுபோலத்தான் இருந்தது. 1978இல்தான் நம் மாநிலத்தில் பி.யூ.சி. போய் பிளஸ் டூ வந்தது. அதுவரை கல்லூரியில் இருந்த பாடம் பள்ளிக்கூடத்துக்குள் இறங்கிவிட்டது என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். ஓர் ஆசிரியர், அவர் பெயர் வேண்டாம், என் அப்பாவைக் கூப்பிட்டு, "இவனுக்குக் கணக்கு மண்டையில ஏறாதுங்க, தொழிலுக்கு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார். அப்பா நாகல் நகரில் ஒரு பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். மறுவாரமே நான் அரத்தைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓராண்டு அப்படிப் போயிற்று.

பட்டறையில்தான் எனக்கு முதல் கணக்கு புரிந்தது என்றால் நம்புவீர்களா? ஐந்து லீவர் வைத்த பூட்டு ஒன்று. சாவியில் ஐந்து வெட்டு. ஒவ்வொரு வெட்டையும் நான்கு ஆழங்களில் ஏதாவது ஒன்றாக வெட்டலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை விதமான சாவி செய்யலாம்? நான் ஐந்தை நான்கால் பெருக்கி இருபது என்றேன். அப்பா பள்ளிக்கூடமே அதிகம் பார்க்காதவர். அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "முதல் வெட்டு நாலு விதம். அந்த ஒவ்வொண்ணுக்கும் ரெண்டாவது வெட்டு நாலு விதம். அப்ப ரெண்டு வெட்டுக்கே பதினாறு ஆச்சேடா" என்றார். மூன்று வெட்டுக்கு 64, நான்கு வெட்டுக்கு 256, ஐந்து வெட்டுக்கு 1024. எல்லா வெட்டும் தொழிலில் சரிப்படாது என்பது வேறு விஷயம். இருபது சாவிதான் உண்டு என்றால் திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்குமா? பக்கத்து வீட்டுச் சாவியே நம் வீட்டைத் திறந்திருக்கும்.

இன்றைய பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் தொகுதியில் சேர்ப்பியல் என்று ஒரு பாடம் இருக்கிறது. அதன் வாசற்படியே என் அப்பா சொன்ன இந்தப் பெருக்கல்தான்.

அடுத்த ஆண்டு என்னைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பியவர் எங்கள் கோயில் உபதேசியார். ஒருநாள் என்னைத் திண்ணையில் உட்காரவைத்து ஒரு தாளில் சில கணக்குகளைப் போடச் சொன்னார். பத்தாம் வகுப்புக் கணக்கு அல்ல. அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டு என்றார். நான் ஐந்தில் இரண்டு என்று எழுதினேன். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. அவர் திட்டவில்லை. "தம்பி, அரைப்படி அரிசியோட இன்னுங் கொஞ்சம் அரிசியப் போட்டா அது அரைப்படிய விடக் குறைஞ்சு போகுமா?" என்று மட்டும் கேட்டார். ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடக் குறைவு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரையை ஆறில் மூன்றாகவும் மூன்றில் ஒன்றை ஆறில் இரண்டாகவும் பார்த்தால் ஆறில் ஐந்து. "உனக்குக் கணக்கு வராம இல்ல. அஞ்சாவது, ஆறாவதுல ஒரு படிய விட்டுட்ட. அதுக்கு மேல எல்லாரும் படியில ஏறுறாங்க, நீ சுவத்துல ஏறப் பாக்குற" என்றார்.

அந்த வார்த்தையை இன்றுவரை நான் மறக்கவில்லை.

மற்றப் பாடங்களுக்கும் கணக்குக்கும் உள்ள வேறுபாடு இதுதான். வரலாற்றில் சோழரை விட்டுவிட்டவன் விஜயநகரத்தைப் படிக்கலாம்; கொஞ்சம் தட்டுத்தடுமாறினாலும் கதை புரிந்துவிடும். கணக்கில் பின்னத்தை விட்டவனுக்கு இயற்கணிதம் புரியாது. இயற்கணிதத்தை விட்டவனுக்கு முக்கோணவியல் நடுவழியில் நின்றுவிடும். பிள்ளை பத்தாம் வகுப்பில் தவறும்போது நாம் பத்தாம் வகுப்புக்கு டியூஷன் வைக்கிறோம். ஓட்டை நான்கு வகுப்புக்குக் கீழே இருக்கிறது. கூரை ஒழுகுகிறதென்று தரைக்குச் சிமென்ட் பூசுகிற வேலை இது, தலைகீழாக.

இந்த இடத்தில் என் பிழையையும் ஒப்புக்கொள்கிறேன். சென்ற ஆண்டு இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும் இதே விருப்பத்தோடு என்னிடம் வந்தார்கள். ஜூனில் பள்ளி திறக்க ஆறு வாரமே இருந்தது. நான் அவசரப்பட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்துவிட்டேன். உறவுகளும் சார்புகளும், எண்களும் தொடர்வரிசைகளும் என்று வரிசையாக ஓட்டினேன். உபதேசியார் எனக்குச் செய்ததை நான் அவர்களுக்குச் செய்யவில்லை. மூன்றாம் வாரம் ஒரு பையன் வரவில்லை. விசாரித்தால், "சாமி நல்லாத்தான் சொல்லிக்குடுக்குறாரு, எனக்குத்தான் மண்டை இல்ல" என்றானாம். இப்போது கரூர்ப் பக்கம் லாரியில் கிளீனராகப் போகிறான். அது கௌரவமான பிழைப்புத்தான். ஆனால் தனக்கு மண்டை இல்லை என்ற எண்ணத்தை அவனுக்குக் கொடுத்ததில் என் பங்கும் உண்டு. இந்த முறை அந்தத் தவறைச் செய்வதாக இல்லை.

அவசரத்தின் விளைவைப் பற்றி ஒரு பழைய உதாரணம் உண்டு. நம் ஊரில் இயேசு சபையார் 1850இல் புனித மரியன்னை பள்ளியைத் தொடங்கினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரைக் குதிரைமேல் வாளோடு நின்ற வீரராகத்தான் நாம் நினைக்கிறோம். அவர் 1524இல் பார்சலோனா நகரில், முப்பத்து மூன்று வயதில், இலத்தீன் இலக்கணத்தை அடியிலிருந்து படிக்கத் தொடங்கியவர். ஆர்தேவோல் என்னும் ஆசிரியரிடம் போனார். மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் பக்தி எண்ணங்கள் பொங்கிவந்து படிப்பைக் கெடுத்தன. செபத்தில் வராத பக்தி படிக்கும்போது மட்டும் ஏன் வருகிறது என்று யோசித்து, இது சோதனை என்று கண்டுகொண்டார். உண்ண ரொட்டியும் குடிக்கத் தண்ணீரும் கிடைக்கிறவரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு வகுப்பையும் தவறவிட மாட்டேன் என்று ஆசிரியரிடம் வாக்குக் கொடுத்தார்.

இதற்குப் பின் நடந்ததைப் பிரசங்கங்களில் அதிகம் சொல்வதில்லை. 1526இல் அல்கலா பல்கலைக்கழகம் போனார். அங்கே தர்க்கம், இயற்பியல், இறையியல் மூன்றையும் ஒரே நேரத்தில் படிக்கத் தொடங்கினார். ஒன்றும் உருப்படவில்லை. 1528இல் பாரிஸ் வந்து சேர்ந்தபோது தம் அடித்தளமே சரியில்லை என்பதை உணர்ந்தார். என்ன செய்தார்? மோன்தேகு கல்லூரியில் சிறு பையன்களோடு உட்கார்ந்து திரும்பவும் இலத்தீனை முதலிலிருந்து படித்தார். அப்போது அவருக்கு ஏறக்குறைய முப்பத்தேழு வயது. காலில் பீரங்கிக் குண்டு பட்ட ஊனம் வேறு. கையில் இருந்த பணத்தை நம்பிக் கொடுத்துவைத்த ஒருவன் செலவழித்துவிட்டான். ஆகவே இலவச விடுதி ஒன்றில் தங்கினார். அந்த விடுதியின் கதவு விடிந்த பிறகுதான் திறக்கும், இருட்டுவதற்குள் மூடிவிடும். கல்லூரிப் பாடமோ விடிவதற்கு முன்பே தொடங்கும். இதனால் பல பாடங்களை இழந்தார். ஷிப்டு வேலைக்கும் வகுப்புக்கும் இடையே அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

அடுத்த ஆண்டு வேறு கல்லூரியில் சேர்ந்தபோது பாடம் சொல்லிக்கொடுக்கத் துணை நின்றவர் அறைத்தோழரான பேதுரு ஃபேபர். அவர் இஞ்ஞாசியாரைவிடப் பதினைந்து வயது இளையவர். அதே அறையில் இருந்த இன்னொரு தோழர்தான் பின்னாளில் நம் கடற்கரைக்கு வந்த சவேரியார். நாற்பதை நெருங்கியவர் இளையவரிடம் பாடம் கேட்பதில் வெட்கப்படவில்லை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் ஊரில் கேட்பார்கள். வளைந்திருக்கிறது, கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, கொஞ்சம் வலியோடு வளைந்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். பதினொன்றாம் வகுப்புக் கணக்குக்குள் போகிறவனுக்கு உண்மையில் என்ன தெரிந்திருக்க வேண்டும்? பத்தாம் வகுப்பின் அத்தனை தேற்றங்களுமா? இல்லை. பதினொன்றில் தொடக்கத்திலேயே கணங்களும் சார்புகளும் வரும். அவற்றைப் பெரும்பாலும் புதிதாகவே சொல்லித் தருவார்கள். இடறுவது இரண்டாவது பாடமான அடிப்படை இயற்கணிதத்தில்தான். அங்கே பின்னம், குறி, அடுக்கு, காரணிப்படுத்தல் எல்லாம் கைப்பழக்கமாக இருக்கவேண்டும். ஆசிரியர் பலகையில் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவும்போது அந்தத் தாவலைப் பின்தொடரத் தெரிந்தால் போதும்.

குறியை எடுத்துக்கொள்ளுங்கள். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் வந்தால் உள்ளே இருக்கிற எல்லாக் குறியும் மாறும் என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். ஏன் என்று கேட்டால் தெரியாது. கடைக்காரர் உங்கள் பற்று நோட்டில் 50 ரூபாய் எழுதியிருக்கிறார். பாதிச் சாமானைத் திருப்பிக் கொடுத்ததால் அதில் 20 ரூபாயைத் தள்ளவேண்டும். ஆக, உண்மையான கடன் 50 கழித்தல் 20. உங்கள் கையில் 100 ரூபாய் இருக்கிறது. 100இலிருந்து 50 கழித்து, இன்னும் 20ஐயும் கழித்தால் 30தான் மிஞ்சும். கடைக்காரருக்கு இலாபம், உங்களுக்கு நஷ்டம். 50ஐக் கழித்துவிட்டு 20ஐக் கூட்டினால்தான் சரியான 70 வரும். கடனில் குறைந்தது உங்களுக்குக் கூடியது. தாய்மார்கள் யாரும் இந்தக் கணக்கில் ஏமாற மாட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் மட்டும் நோட்டில் ஏமாறுகிறார்கள்.

இன்னொன்று. a கூட்டல் b முழுவதின் வர்க்கம், a வர்க்கம் கூட்டல் b வர்க்கம் என்று எழுதாத பிள்ளையே இல்லை. நானும் எழுதியவன். இதற்கு ஒரு மனைப் படம் போட்டுக் காட்டினால் போதும். இருபது அடிக்கு இருபது அடி சதுர மனை. நான்கு பக்கமும் இன்னும் மூன்று அடி நீளும்படி இருபத்து மூன்றுக்கு இருபத்து மூன்றாக ஆக்குகிறீர்கள். புது மனை 529 சதுர அடி. ஆனால் 400உம் 9உம் சேர்த்தால் 409தான். மீதி 120 எங்கே போயிற்று? பழைய மனையின் இரண்டு ஓரத்திலும் இருபதுக்கு மூன்று அடியில் இரண்டு கீற்றுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 60. சூத்திரத்தில் நடுவில் வருகிற 2ab என்பது இந்த இரண்டு கீற்றுகள்தான். படத்தை ஒருமுறை கையால் வரைந்தவன் அந்தக் கீற்றை மறக்க மாட்டான். பத்திரப்பதிவில் 120 சதுர அடியை விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்?

அந்த மகளிடம் நூல் கவுண்ட் என்றால் என்னவென்று கேட்டேன். நாற்பது கவுண்ட் மெல்லியது, இருபது கவுண்ட் தடிமன் என்று உடனே சொன்னாள். எண் பெரிதானால் நூல் எப்படி மெலிகிறது என்றதற்குப் பதில் வரவில்லை. ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை இருக்கின்றன என்பதுதான் கவுண்ட். இருபது கவுண்ட் என்றால் ஒரு பவுண்டில் 16,800 கெஜம். நாற்பது கவுண்ட் என்றால் 33,600 கெஜம், அதாவது முப்பது கிலோமீட்டருக்கு மேல். இங்கிருந்து நீட்டினால் வேடசந்தூரைத் தாண்டிப் போய்விடும். அதே எடையை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்தால் ஒவ்வொரு கெஜத்துக்கும் பாதி எடைதானே வரும்? ஒன்று கூட ஒன்று குறைவதை எதிர்மாறல் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அவள் மூன்று வருடம் அந்த எதிர்மாறலின் நடுவே நின்று அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். யாரும் அவளிடம் அதன் பெயரைச் சொல்லவில்லை.

முக்கோணவியல் என்றாலும் பயப்படுகிறார்கள். நம் கோயில் கோபுரத்தின் உயரத்தை ஏணி வைக்காமல் அளக்கலாம். காலையில் ஒரு மீட்டர்க் குச்சியை நேராக நட்டு அதன் நிழலை அளந்துகொள்ளுங்கள். 80 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். அதே நேரத்தில் கோபுரத்தின் நிழல், அதன் நடு அடியிலிருந்து, 16 மீட்டர் என்றால் கோபுரம் 20 மீட்டர். நிழலுக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் குச்சிக்கும் கோபுரத்துக்கும் ஒன்றே. அந்த விகிதத்துக்கு ஒரு பெயர் வைத்து அட்டவணை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். எங்கள் காலத்தில் அதற்கு ஓர் அட்டவணைப் புத்தகம் வாங்கவேண்டும். அண்ணன் வைத்திருந்தால் தம்பிக்கு வரும், நடுப்பக்கம் மட்டும் எப்போதும் கிழிந்திருக்கும்.

எப்படிப் படிப்பது என்று கேட்கிறீர்கள். ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்குவோம். வெட்கப்பட ஒன்றுமில்லை, அட்டையைப் பழைய காலண்டர்த் தாளால் மூடிக்கொள்ளுங்கள், எந்த வகுப்பென்று யாருக்கும் தெரியாது. அரசுப் பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தெரிந்த கணக்கை ஓட்டமாகக் கடந்துவிடலாம். எந்த இடத்தில் கை நிற்கிறதோ அந்த இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். அங்கே ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். அந்த ஒரு வாரம் மேலே ஒரு மாதத்தை மிச்சப்படுத்தித் தரும்.

தினமும் ஒரு மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாரம் முழுவதும் தொடாமல் இருப்பது பயன்படாது. உட்கார்ந்தவுடன் நேற்றுப் போட்ட கணக்கில் இரண்டை விடையைப் பார்க்காமல் திரும்பப் போட்டுவிட்டுப் புதியதற்குப் போகவேண்டும். தனியாக ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் தப்பாய்ப் போன கணக்குகளை மட்டும், எங்கே தப்பினோம் என்பதோடு எழுதவேண்டும். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் நம் தப்புகள் முந்நூறு அல்ல, நாலைந்துதான் என்பது தெரியும். அவையே வேறு வேறு வேடம் போட்டு வந்திருக்கும். பாவசங்கீர்த்தனம் கேட்கிறவன் என்ற முறையில் இதை நான் உறுதியாகச் சொல்லமுடியும்.

செல்போனில் பாடம் பார்க்கிறோம் என்பார்கள். பாருங்கள், நல்ல பாடங்கள் இருக்கின்றன. ஆனால் பார்ப்பதும் போடுவதும் ஒன்றல்ல. கிணற்றில் ஒருவன் நீந்துவதைக் கரையில் நின்று பத்து நாள் பார்த்தாலும் நமக்கு நீச்சல் வந்துவிடாது. படத்தை நிறுத்திவிட்டு அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள். பிறகு ஓட விட்டுச் சரிபாருங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாரும் கணக்குப் பிரிவில்தான் சேரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் இன்ஜினியரிங் போனான் என்பதற்காகப் பிள்ளையை அதில் தள்ளுவது நல்லதல்ல. வணிகவியல் இருக்கிறது, அதிலும் வணிகக் கணிதம் உண்டு. தொழிற்பிரிவுகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பிலேயே கணக்கில் தவறியவர்கள் முதலில் துணைத்தேர்வை எழுதி முடிக்கவேண்டும். வயது கடந்தவர்கள் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால் தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறதா என்று கேளுங்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்றும் ஒன்று உண்டு. அதில் ஐந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொரு பாடமாக எழுதி முடிக்கலாம். ஆனால் நீங்கள் போக நினைக்கிற கல்லூரியும் வேலையும் அந்தச் சான்றிதழை ஏற்குமா என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். இடைத்தரகர் பேச்சை நம்பவேண்டாம்.

அந்த மகளின் தகப்பனாரையும் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். என்னை உட்காரவைத்துக் கலர் வாங்கிக் கொடுத்தார். "சாமி, நீங்க சொல்றது நியாயந்தான். ஆனா அவ சம்பளத்துலதான் தம்பிய ஐ.டி.ஐ.ல சேத்தேன். இன்னும் ரெண்டு வருஷம் போனா அவ கல்யாணத்துக்கும் கொஞ்சம் சேரும். படிச்சு, கணக்குல பெயிலாப் போயிட்டா? மில்லும் போச்சு, படிப்பும் போச்சு" என்றார். அவர் கொடுமைக்காரர் அல்ல. அவர் கேட்ட கேள்விக்கு, "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வர எனக்கு மனம் இல்லை. அந்தக் கேள்வியின் பாதி, கணக்கில் தோற்றுவிடுவாளோ என்ற பயம். அந்தப் பாதிக்கு நாம் பதில் சொல்லமுடியும். மறுபாதி பணம். அதைப் பற்றி வின்சென்ட் தெ பவுல் சபையாரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்; வாக்குறுதி கொடுக்கிற நிலையில் இன்னும் இல்லை.

அவரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். பத்து வாரம் தாருங்கள். வேலையை விடவேண்டாம், பகல் ஷிப்டு வாங்கிக்கொண்டு மாலையில் அனுப்புங்கள். பத்தாம் வாரம் நான் ஒரு தாளில் இருபது கணக்கு எழுதித் தருகிறேன். பின்னம், குறி, அடுக்கு, காரணி, இருபடிச் சமன்பாடு. உங்கள் முன்னால், உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவள் போடட்டும். பதினைந்து சரியாக வந்தால் பள்ளிக்கூடத் தலைமையாசிரியரைப் பார்க்க நாம் மூன்று பேரும் போவோம். வராவிட்டால் இன்னும் பத்து வாரம். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் சாமி" என்றார். போன ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு வந்து, "எந்தக் கிழமை ஆரம்பிக்கிறீங்க?" என்று கேட்டார்.

விழா முடிந்த மறு திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கு, மறைக்கல்வி வகுப்பு நடக்கிற பெரிய அறையில் ஆரம்பிக்கிறோம். நம் பங்கில் கல்லூரிக்குப் போகிற நான்கு பிள்ளைகள் சொல்லித்தர முன்வந்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஒருவர் வாரம் இருமுறை வருகிறார். கட்டணம் கிடையாது. எந்தச் சபை, எந்த மதம் என்றும் கேட்க மாட்டோம். ஒரு நீள நோட்டு, ஒரு பென்சில், ரப்பர், ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் கொண்டுவாருங்கள். சென்ற ஆண்டு பாதியில் நின்ற அந்தப் பையனின் தாயார் இங்கே உட்கார்ந்திருந்தால், அவனிடம் சொல்லுங்கள்: லாரி ஊருக்கு வருகிற நாட்களில் வந்தாலும் போதும், பத்தாம் வகுப்புப் புத்தகத்தை சாமி பூட்டி வைத்துவிட்டார் என்று.